வளைவும் வாங்கும்

ஒரு பாடசாலை யாருக்குச் சொந்தமானது என்னும் வினாவுக்கு நம்மிடையே ஆயத்தமாக உள்ள விடைகள் மூன்று. அரசாங்கத்துக்குச் சொந்தமானது என்று சட்டம் கூறும். ஊருக்குச் சொந்தமானது என்று ஊர்ப் பெரியவர்கள் கூறுவர். எங்களுக்குச் சொந்தமானது என்று பழைய மாணவர்கள் கூறுவர். மூன்று விடைகளிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், அப்பாடசாலையின் வாங்கில் இன்று அமர்ந்திருக்கும் பிள்ளையையும், அப்பிள்ளையை நாள்தோறும் அங்கு அனுப்பும் தாய் தந்தையரையும் இவற்றுள் எந்த விடையும் நேரடியாகச் சுட்டவில்லை என்பது கவனித்தற்குரியது. நான் கல்வியியல் துறையைச் சார்ந்தவனல்லன். வலிகாமத்துக் கிராமமொன்றில் வாழ்ந்து, தன் மகளை ஊர்ப் பாடசாலைக்கு அனுப்பும் ஒரு தகப்பன் என்ற நிலையில் நின்றே சில எண்ணங்களை இங்கு முன்வைக்க விரும்புகிறேன்.

எங்கள் ஊர்ப் பாடசாலை பதினோராந் தரம் வரை வகுப்புகளைக் கொண்டது. என் மகள் அங்கு ஐந்தாந் தரத்தில் கற்கிறாள். அவளுடைய வகுப்பில் பதினான்கு பிள்ளைகள் இருக்கின்றனர். காலை ஏழு மணியளவில் எங்கள் ஒழுங்கை முகப்பில் நிற்பவர் ஒருவர், அப்பாடசாலைக்கு நடந்து வரும் பிள்ளைகளைக் காட்டிலும், அதன் வாயிலைக் கடந்து வான்களிலும் ஓட்டோக்களிலும் பட்டினப் பாடசாலைகளுக்குச் செல்லும் பிள்ளைகளே அதிகம் என்பதைக் காண்பார். இது ஓர் ஊரின் கதையன்று. இவ்விதழை வாசிப்போருட் பலர் தத்தம் ஊரிலும் இதே காட்சியைக் கண்டிருப்பர். சிலர் அவ்வான்களிற் பயணஞ் செய்தும் இருப்பர்.

இந்நிலைமையின் வேரை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் நவீன பாடசாலைகளைப் பெருமளவில் அமைத்தவர்கள் மிஷனரிமாரும், அவர்களுக்கு எதிர்முகமாக எழுந்த சைவப் பெரியார்களும் ஆவர். ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1923 இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் கிராமப்புறங்களிற் பாடசாலைகளைப் பரப்பியது. ஊரவர் காணி கொடுத்தனர், மரமும் ஓலையும் கொடுத்தனர், உடலுழைப்பும் கொடுத்தனர். அரசின் உதவி நன்கொடை பெற்ற இப்பாடசாலைகள் முகாமையாளரின் ஆளுகையில் நடைபெற்றன. ஆசிரியரின் நியமனமும் நீக்கமும் அவர் கையிலேயே இருந்தன. 1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த பின்னரும் முகாமையாளர் இருந்தார். 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும், 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமுமே உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கீழ்க் கொணர்ந்தன. அதன் பின்னர் 1980 இல் இலவசப் பாடநூல்களும் 1993 இல் இலவசச் சீருடையும் வந்தன. ஏழைப் பெற்றோர் தம் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவதற்கு எவரிடமும் கைகட்டி நிற்கவேண்டிய தேவை சட்டத்தின்படி நீங்கிற்று. இது சிறிய சாதனையன்று.

சட்டம் முகாமையாளர் பதவியை ஒழித்தது உண்மையே. ஆனால் முகாமையாளர் மனோபாவம் ஒழியவில்லை என்பதே நான் கண்டது. அது இடம் மாறிப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினுள்ளும் பழைய மாணவர் சங்கத்தினுள்ளும் குடிபுகுந்துள்ளது. எங்கள் ஊரில் இச்சங்கங்களின் பதவிகளைப் பெரும்பாலும் வகிப்பவர்கள் யாவர்? ஆலய பரிபாலன சபையில் இருப்போர், கூட்டுறவுச் சங்கத்தில் இருப்போர், தேர்தற் காலத்தில் மேடையேறுவோர் ஆகியோரே. ஊரிலுள்ள பதவிகள் அனைத்தும் ஒரு பத்துப் பன்னிரண்டு பேரிடையே சுழன்று வருகின்றன. இவர்களின் பிள்ளைகளிலோ பேரப்பிள்ளைகளிலோ ஒருவர்தானும் இப்பாடசாலையில் இல்லை. தம் பிள்ளைக்குத் தகுதியற்றது என்று தாம் தீர்மானித்த ஒரு பாடசாலையின் தலைவிதியைத் தாமே தீர்மானிக்கவும் விரும்புகின்ற விந்தையை வேறு எந்த நிறுவனத்திலும் காண்பதரிது.

கடந்த ஆண்டு இரண்டாந் தவணையில் நடைபெற்ற கூட்டமொன்றை உதாரணமாகக் கூறலாம். புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர்கள் ஒரு தொகைப் பணம் அனுப்பியிருந்தனர். அதனைக் கொண்டு பாடசாலை முகப்பில் ஓர் அலங்கார வளைவு அமைப்பதென நிருவாகம் முன்மொழிந்தது. அப்பொழுது பாடசாலையின் நீர்ப்பம்பி பழுதடைந்து ஒரு தவணைக்கு மேலாகியிருந்தது. மலசலகூடத்தில் நீர் இல்லை. மேல் வகுப்புப் பெண்பிள்ளைகள் மாதத்திற் சில நாட்கள் பாடசாலைக்கே வராதிருந்தனர். கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின் பதிலாக எவரும் வந்திலர். கூட்டத்தின் பிற்பகுதியில், தோட்ட வேலைக்குச் சென்று பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய் எழுந்து நின்றார்.

“ஐயா, வளைவு கட்டினால் பிள்ளையளுக்குத் தண்ணி வருமோ?”

“தங்கச்சி, அது வேற பிரச்சினை. அதைப் பிறகு கதைப்பம், இருங்கோ.”

தலைவரின் குரலிற் கடுமை இருக்கவில்லை. அன்பாகவே அவ்வாறு கூறினார். அந்த அன்புதான் என்னைச் சிந்திக்க வைத்தது. அதிகாரம் தன்னை அதிகாரமென அறியாதிருக்கும்போது அவ்வாறுதான் பேசும் போலும். நான் எழுந்து, அத்தாயின் வினாவையே முதலில் எடுக்கவேண்டுமெனக் கேட்டேன். வாக்கெடுப்பு நடந்தது. மண்டபத்தில் இருந்தோர் நாற்பத்திரண்டு பேர். அவர்களுட் பிள்ளைகளை அப்பாடசாலையிற் படிப்பிப்போர், என்னையும் சேர்த்து, ஒன்பது பேர் மாத்திரமே. ஏனைய தாய்மாருக்கு அது கூலி வேலைக்குச் செல்லும் நேரம். வளைவு பெருவாரியான வாக்குகளால் நிறைவேறிற்று.

இங்கு நாம் மெல்லிய குரலிற் பேசிக் கடந்துவிடும் இன்னொரு விடயமும் உண்டு. 1920களின் இறுதியில், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டுமென அரசு பணித்தபோது யாழ்ப்பாணத்திற் பெரும் எதிர்ப்பு எழுந்தது. தாழ்த்தப்பட்டவரெனக் கருதப்பட்டோரின் பிள்ளைகள் அதுவரை தரையில் இருத்தப்பட்டனர். அவர்களை வாங்கில் இருத்தியமைக்காகச் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸும், அதன் முதன்மையாளரான ஹண்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்களும் தீண்டாமைக்கு எதிராக நின்றமை நம் வரலாற்றின் பெருமைக்குரிய பக்கமாகும். இன்று எவரும் எப்பிள்ளையையும் தரையில் இருத்துவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை வாங்கில் வந்து அமர்ந்ததும், அருகில் இருந்தோர் எழுந்து வானில் ஏறிப் பட்டினத்துக்குச் சென்றுவிட்டனர். “அங்கை பிள்ளையளின்ரை பழக்கவழக்கம் சரியில்லை” என்று காரணங் கூறுவர். அச்சொல்லின் பொருள் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். சாதியின் பெயரை எவரும் உச்சரிப்பதில்லை. உச்சரிக்கவேண்டிய தேவையும் இல்லை. பட்டினத்துக்குச் செல்வோர் அனைவரும் இக்காரணத்தாற் செல்கின்றனர் என்று நான் கூறவில்லை. இக்காரணமும் உண்டு என்பதை மறைத்துக்கொண்டு பாடசாலையின் வீழ்ச்சியை ஆராய முடியாது என்றே கூறுகிறேன்.

நியாயம் மறுபக்கத்திலும் உண்டு. போரினாற் சிதைந்த எத்தனையோ பாடசாலைகளின் கூரையும் சுவரும் புலம்பெயர்ந்தோரின் பணத்தால் மீண்டும் எழுந்தன. குளிரில் உழைத்த பணத்தைத் தாம் படித்த பாடசாலைக்கு அனுப்புபவரின் உள்ளத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். அவர் நினைவில் உள்ள பாடசாலைக்கு ஒரு வளைவு அழகு சேர்க்கலாம். இன்றைய பாடசாலைக்கு வேண்டியது ஒரு நீர்ப்பம்பி என்பதை அவருக்கு எழுதவேண்டியவர்கள் எழுதவில்லை. அவ்வாறே, பிள்ளையைப் பட்டினத்துக்கு அனுப்பும் பெற்றோரையும் எளிதிற் குற்றஞ் சாட்டுதல் தகாது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை, சாதாரண தரம், உயர்தரம் என்று படிக்குப் படி வடிகட்டும் அமைப்பொன்றில் எந்தத் தாய்தான் அஞ்சாதிருப்பாள்? என் மனைவியின் தம்பி ஒருநாள் என்னிடம், “அத்தான், உங்கடை கொள்கைக்குப் பிள்ளையைப் பலி குடுக்காதையுங்கோ” என்றார். அது நேர்மையான சொல். கணித ஆசிரியர் இல்லாத வகுப்பில் என் மகள் இழக்கும் ஒவ்வொரு பாடவேளையையும் எந்தக் கொள்கையும் ஈடுசெய்யாது. அக்குறையை ஈடுசெய்யத் தனியார் கல்வி நிலையத்துக்குப் பணங் கட்ட என்னால் இயலும். அவளுடன் அதே வாங்கில் இருக்கும் பிள்ளைகளுட் பலரின் பெற்றோரால் இயலாது.

அரசின் பங்கையும் இங்கு கூறாதுவிடலாகாது. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின்னர் தேசிய பாடசாலைகள் கொழும்பிலுள்ள மத்திய அமைச்சின் கீழும், ஏனையவை மாகாண நிருவாகத்தின் கீழும் அமைந்தன. அதிகாரப் பரவலாக்கல் என்ற கோட்பாட்டை நான் வரவேற்பவன். ஆனால் மாகாணத்துக்கு வந்த அதிகாரம் வலயக் கல்விப் பணிமனையின் கதிரையோடு நின்றுவிட்டது. பாடசாலை வாயிலை அது வந்தடையவில்லை. ஆசிரியர் ஒருவரைக் கேட்டுச் செல்லும் பெற்றோருக்கு, வெற்றிடம் உண்டு, ஆள் இல்லை என்ற பதில் கிடைக்கிறது. அதே வேளையில் வசதியான பாடசாலைக்கு இடமாற்றம் கோரும் ஆசிரியருக்கு அரசியல்வாதியின் கடிதம் கிடைக்கிறது. பிள்ளைத்தொகை குறைந்ததால் ஆசிரியர் குறைக்கப்படுகின்றனர். ஆசிரியர் குறைந்ததாற் பிள்ளைகள் விலகுகின்றனர். இச்சுழற்சியை ஓரிடத்தில் நிறுத்தவேண்டுமாயின், அதற்குப் பாடசாலையிற் பிள்ளையை வைத்திருப்போரின் கூட்டுக்குரல் இன்றியமையாதது. சமூகத்தில் உரத்துப் பேசவல்லோர் தம் பிள்ளைகளோடு வெளியேறிவிட, எஞ்சியிருப்போர் பேசினும் கேட்பாரில்லை என்பதே இதிலுள்ள பெருந்துயரம்.

அக்கூட்டத்தின் பின்னர் தாய்மார் சிலர் ஒன்றுகூடி, இருபத்தேழு கையொப்பங்களுடன் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினர். எழுத்துவேலையில் நானும் உதவினேன். இரண்டு கோரிக்கைகளே அதில் இருந்தன: நீர்ப்பம்பி திருத்தப்படவேண்டும், கூட்டங்கள் கூலி வேலை முடிந்த மாலை வேளையில் நடைபெறவேண்டும். இரண்டும் நிறைவேறின. இவ்வாண்டு நிருவாகத் தெரிவில், மாலைக் கூட்டத்துக்குப் பெருந்தொகையாக வந்த பெற்றோர், தாய்மார் இருவரைத் தெரிவுசெய்தனர். வளைவைப் பற்றிக் கேட்ட அதே தாய் அவர்களுள் ஒருவர். கணித ஆசிரியர் அயற்பாடசாலையிலிருந்து கிழமையில் இரண்டு நாட்கள் வருகிறார், அது போதாது. வளைவும் கட்டி முடிந்து, அரசியல்வாதி ஒருவரால் நாடா வெட்டித் திறந்துவைக்கப்பட்டது. என் மகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றுகிறாள். வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் அவளை எங்கு அனுப்புவதென்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அவள் விருப்பத்தையும் கேட்கவேண்டும்.

ஆதலால், ஊர்ப் பாடசாலையை விட்டு எவரும் போகக்கூடாதென்று நான் வாதிடவில்லை. போனவர்கள், அங்கு இருப்பவர்களுக்குப் பதிலாகப் பேசக்கூடாதென்றே வாதிடுகிறேன். அபிவிருத்திச் சங்கத்தின் நிருவாகத்திற் பெரும்பான்மை இடங்கள் அங்கு கற்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு உரியனவாதல் வேண்டும். பழைய மாணவரும் நலன்விரும்பிகளும் துணை நிற்கலாம். தலைமை தாங்குதல் அவர்களின் உரிமையன்று. இவ்விதழை வாசிக்கும் மாணவர்களுட் சிலர் ஆசிரியராக முதல் நியமனம் பெற்று இத்தகைய பாடசாலை ஒன்றுக்கே செல்லக்கூடும். பலர் பழைய மாணவராகத் தம் ஊர்க் கூட்டங்களில் அமர்வர். அன்று ஒரு தாய் எழுந்து நின்று தண்ணீரைப் பற்றிக் கேட்டால், அவர் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிநிரலின் ஏனைய விடயங்களைப் பின்னர் பார்க்கலாம்.