அட்டை இல்லாத மாத்திரை

இரவு ஷிப்ட்டில் மணி இரண்டைத் தாண்டும்போதுதான் வலி உச்சத்துக்கு வரும். அடிவயிற்றில் தொடங்கி தொடை வரைக்கும் இழுக்கும். ஓடுகிற மெஷினை விட்டுவிட்டு உட்கார முடியாது. நூல் அறுந்தால் இணைக்க ஆள் நிற்க வேண்டும். சூப்பர்வைசர் அக்காவிடம் போய்ச் சொன்னால், டிராயரில் இருக்கும் டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைப்பார். அட்டை கிடையாது. பெயர் கிடையாது. எக்ஸ்பைரி தேதியும் கிடையாது.

"இது இன்னா மாத்திரைக்கா?"

"வலி போற மாத்திரை. போட்டுட்டுப் போய் மெஷினைப் பாரு."

வலியும் போனது. அதைச் சொல்லியாக வேண்டும். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உடம்பு லேசாகிவிடும். விடியும்வரை வேலை ஓடும். அடுத்த மாதம் மறுபடியும் டிராயர், மறுபடியும் டப்பா. இப்படியே மூன்று வருடம்.

அவளுக்குச் சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். மழை பெய்தால் விளையும், இல்லாவிட்டால் ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள். ப்ளஸ் டூ முடித்த பெண் பிள்ளைகளைத் தேடி மில் ஏஜென்ட் வருவார். மூன்று வருடம் முடித்தால் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்பார். 2014-ல் பதினெட்டு வயதில், ஒரு ட்ரங்க் பெட்டியோடு அவள் பஸ் ஏறியது அப்படித்தான்.

மில்லை விட்டு ஊர் திரும்பி இரண்டு வருடம் கழித்து, 2019 ஜூன் மாதம், அந்த மாத்திரை செய்தியானது. தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் என்ற செய்தி அமைப்பு, தமிழ்நாட்டின் ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசியிருந்தது. மாதவிடாய் வலிக்கு வேலையிடத்திலேயே பெயர் குறிப்பிடாத மாத்திரை தருகிறார்கள் என்று அத்தனை பேரும் சொல்லியிருந்தார்கள். அதனால் உடல்நலம் கெட்டது என்று சொன்னவர்கள் பாதிக்கும் மேல். மாத்திரைகளைப் பார்த்த டாக்டர்கள், அவை இபுப்ரூஃபன் வகையைச் சேர்ந்த வலி நிவாரணிகள் என்றார்கள். தொழிலாளர்களின் உடல்நலத்தைக் கண்காணிப்போம் என்று அரசு சொன்னது.

வாட்ஸ்அப்பில் வந்த அந்தச் செய்தியை அவள் இரண்டு முறை படித்தாள். டிராயர், டப்பா, உள்ளங்கை எல்லாம் அப்படியே இருந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இபுப்ரூஃபன், மெஃபனமிக் ஆசிட் எல்லாம் விஷமல்ல. கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைக் குறைப்பவை அவை. மாதவிடாய் வலிக்கு டாக்டர்களே எழுதிக் கொடுப்பவைதான், ரத்தப்போக்கையும் ஓரளவு குறைக்கும். ஆனால் வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் புண்ணாக்கும். அல்சர், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களுக்கு ஆகாது. என்ன மருந்து, எவ்வளவு டோஸ், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரியாமல் விழுங்கவைப்பதுதான் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, 'ஏன் இப்படி வலிக்கிறது?' என்று மூன்று வருடத்தில் ஒருவர்கூடக் கேட்காதது.

வலி ஒருபக்கம் என்றால், போக்கு இன்னொரு பக்கம். கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு இலவச நாப்கின் தரும் 'புது யுகம்' திட்டம் தமிழ்நாட்டில் 2012-ல் தொடங்கியது. நல்ல திட்டம். அதனால் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடாமல் இருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு என்று கணக்கு. அதாவது மாதத்துக்கு ஒன்பது. அவளுக்கு அந்த ஒன்பதும் இரண்டாவது நாள் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். பிறகு பழைய புடவைதான். ராத்திரி இரண்டு முறை எழுந்து மாற்ற வேண்டும். கட்டி கட்டியாகப் போகும். எட்டு நாள், சில மாதம் பத்து நாள்.

"எல்லாருக்கும்தான் போவுது பாப்பா. எங்க காலத்துல இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனமா?" என்பார் அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் அப்படித்தான் போயிருக்கிறது. அவருடைய அம்மாவுக்கும்.

பஸ் படி ஏறினாலே மூச்சு வாங்கியது. தலை சுற்றியது. பச்சரிசியைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளித் தின்றாள். அக்கா பிள்ளையின் பலப்பம்கூடத் தப்பவில்லை. வீட்டில் எல்லோரும் கேலி செய்தார்கள். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் இப்படிச் சாப்பிடக்கூடாததைத் தின்னத் தோன்றும் என்று யாருக்கும் தெரியாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று. பாதிக்கு மேல்! இத்தனை பேருக்கு ஒன்று இருந்தால் அது நோயாகவே தெரியாதுதான்.

தர்மபுரியில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒருநாள் கடையிலேயே மயங்கி விழுந்தாள். முதலாளியம்மா ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போனார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் அவளிடம் கணக்கு கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை பேட்? ஒரு மணி நேரத்துக்குள் நனைந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? வரும் கட்டி பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரியதா? ஏழு நாளைத் தாண்டுகிறதா? ராத்திரி எழுந்து மாற்றுகிறாயா? எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே புரியவில்லை.

ஹீமோகுளோபின் 6.8. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். ஸ்கேனில் கர்ப்பப்பையில் இரண்டு நார்க்கட்டிகள் தெரிந்தன. மில் மாத்திரையால்தான் கட்டி வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை, அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் அன்றைக்கே ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கக்கூடும். எல்லோருக்கும் காரணம் கட்டியாகத்தான் இருக்கும் என்றும் இல்லை. சிலருக்கு தைராய்டு, சிலருக்கு எண்டோமெட்ரியோசிஸ், வயதுக்கு வந்த நாளிலிருந்தே அதிகமாகப் போகும் சில பிள்ளைகளுக்கு ரத்தம் உறைவதிலேயே குறைபாடு. எது என்று பார்த்தால்தானே தெரியும்?

இரும்புச்சத்தை முதலில் ஊசியாக ஏற்றினார்கள், பிறகு மாத்திரை. மாதவிடாய் நாட்களில் மட்டும் போட டிரானெக்ஸாமிக் ஆசிட். வீட்டில் யாருக்காவது காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று விசாரித்த பிறகே எழுதினார் டாக்டர். இந்த மருந்துக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகமோடோ. பிரசவத்தில் ரத்தப்போக்கால் பெண்கள் சாகக்கூடாது என்ற எண்ணத்தில் கணவரோடு சேர்ந்து ஆராய்ந்து, 1962-ல் இதை உலகுக்குச் சொன்னவர். 98 வயது வரை வாழ்ந்தார். அவளுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. முதல் மாதமே பேட் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது தெரியும்.

"கேவுரு களி தின்னு வளர்ந்த உடம்பு, இரும்பு மாத்திரை எதுக்கு?" என்று கேட்ட அம்மாவுக்கு டாக்டரே பதில் சொன்னார். கேழ்வரகும் முருங்கைக்கீரையும் நல்லதுதான், நிறுத்த வேண்டாம். ஆனால் மாதா மாதம் இவ்வளவு வெளியே போகும்போது களியால் மட்டும் ஈடுகட்ட முடியாது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள், சத்து உடம்பில் சேர அது தடை. அம்மாவுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

பெரியம்மாவின் யோசனை வேறு. "எடுத்துப் போட்டுட்டா ஒரேடியா நிம்மதி." அவர் முப்பத்தி நாலு வயதில் கர்ப்பப்பையை எடுத்தவர். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள், வேலை கெடக்கூடாது என்று இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-ல் நாட்டையே உலுக்கியது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, நம் ஊர்களிலேயே தெருவுக்கு ஒரு பெரியம்மா இருக்கிறார். சிலருக்கு அந்த அறுவை சிகிச்சை தேவைதான். ஆனால் மாத்திரை, ஹார்மோன் கலந்த காப்பர்-டி போன்ற சாதனம், கட்டியை மட்டும் எடுப்பது என்று அதற்கு முன்னால் எத்தனையோ படிகள் இருக்கின்றன. பெரியம்மாவிடம் யாரும் அவற்றைச் சொல்லவில்லை.

ரத்தமும் வலியும் வழிக்கு வந்தபிறகும் ஒன்று மிச்சமிருந்தது. மாதவிடாய்க்கு முந்தைய அந்த ஒரு வாரம். பாத்திரம் விழும் சத்தம் கேட்டால் ஆத்திரம். வாடிக்கையாளர் ஜாக்கெட் அளவு மாற்றிச் சொன்னால் அழுகை. ராத்திரி முழுக்க, 'இருந்து என்னத்தைக் கண்டோம்' என்ற ஒரே நினைப்பு. அம்மா இரண்டு முறை மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். கயிறு கட்டி மூன்று நாளில் சரியாகிவிடும். அதற்குள் மாதவிடாய் வந்திருக்கும் என்பதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

டாக்டர் ஒரு வேலை கொடுத்தார். தினமும் ராத்திரி, அன்றைக்கு மனசு எப்படி இருந்தது என்று குறித்துவை, இரண்டு மாதம். நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர்தான் நோட்டு. மோசமான நாளுக்கு நீலப் பேனாவில் புள்ளி, மாதவிடாய்க்குச் சிவப்பு. இரண்டு தாள் முடிந்ததும் பார்த்தால், நீலம் எல்லாம் சிவப்புக்கு முன்னால் கும்பலாக நின்றது. சிவப்பு தொடங்கி ஓரிரு நாளில் நீலமே இல்லை.

இதற்குப் பெயர் பி.எம்.டி.டி. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-ல் இதைத் தனி நோயாகவே ஏற்றுக்கொண்டது. ஹார்மோன் அளவு தப்பாக இருப்பதால் வருவதல்ல. சாதாரணமாக ஏறி இறங்கும் ஹார்மோனுக்கு மூளை அதிகமாக எதிர்வினை காட்டுவதால் வருவது. மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளை டாக்டர் ஆலோசனையோடு அந்த இரண்டு வாரம் மட்டும் எடுத்தாலே பலருக்குக் குணம் தெரிகிறது. சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் புள்ளி வைத்துக் காத்திருக்கக் கூடாது. டெலி-மானஸ் 14416, தமிழ்நாட்டின் 104 எண்களை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் காலண்டர் புள்ளி புரிந்தது. இப்போதெல்லாம் நீலம் ஆரம்பித்தால், "பாப்பாகிட்ட இந்த வாரம் வாய் குடுக்காதீங்க" என்று வீட்டில் அறிவிப்பு செய்கிறார். கயிறு கட்டுவது நின்றுவிட்டது. பெரிய முன்னேற்றம்தான்!

2025 அக்டோபரில், மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு மாதவிடாய் விடுப்பு தரும் கொள்கைக்கு கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தனியார் நிறுவனங்களுக்கும் சேர்த்து. பெங்களூரில் வேலை செய்யும் தர்மபுரிப் பெண்களுக்கு அது பொருந்தும், தர்மபுரியிலேயே வேலை செய்பவர்களுக்குப் பொருந்தாது. தையல் கடை முதலாளியம்மாவுக்கு எந்தக் கொள்கையும் தெரியாது. இரண்டாவது நாள் அவளுக்கு பட்டன் தைக்கிற வேலையை மட்டும் கொடுத்து, உட்காரவைத்துவிடுகிறார்.

போன மாதம் சித்தி மகள் மில்லுக்குப் போனாள். பத்தொன்பது வயது. ஏஜென்ட்டும் பழைய ஆள்தான். பஸ் ஏற்றிவிடப் போனபோது அவள் காதில் ஒன்றே ஒன்று சொல்லியனுப்பினாள். மூன்றாவது வாரம், ராத்திரி ஒன்றரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. மாத்திரை, முழு அட்டையோடு. பெயர், மில்லி கிராம், எக்ஸ்பைரி தேதி மூன்றும் தெரியும்படி ஃபிளாஷ் போட்டு எடுத்திருந்தாள்.

"அக்கா, கேட்டதுக்குத் திட்டினாங்க. நான் விடல. போடலாமா?"

அவள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மருந்துப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். தனக்கு டாக்டர் எழுதித் தந்த அதே மெஃபனமிக் ஆசிட்.

"சாப்ட்டியா?"

"இல்ல."

"அல்சர் எதுவும் இல்லல்ல?"

"இல்லக்கா."

"மொதல்ல சாப்பிடு. அப்புறம் ஒண்ணு போடு. எத்தன பேட் மாத்தினன்னு எண்ணி வை. லீவுக்கு வரும்போது ஆஸ்பத்திரிக்குப் போலாம்."