ரப்பர் தளிர்க்கும் முன்

மார்த்தாண்டம் தேனில் பெரும்பகுதி பூவில் கிடைப்பதல்ல. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தை, மாசியில் தளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு கூடும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் ஊறுவது அது. இலை முற்றினால் சுரப்பு நின்றுபோகும். அந்தச் சில வாரங்களில் பெட்டி நிறையத் தேனீ இருக்க வேண்டும். அதற்கான வேலை கார்த்திகையிலேயே தொடங்கிவிடுகிறது. அதைப் பார்க்கத்தான் மழை ஓய்ந்ததும் அருமனைப் பக்கம் போனேன்.

தேனீ வளர்க்கும் ஓர் அக்காவின் வீட்டுப் புழக்கடையில், பலாமர நிழலில் பெட்டிகள். எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றது. எல்லாம் நியூட்டன் பெட்டி; 1910களில் திருச்சிப் பக்கம் பாதிரியார் நியூட்டன் நாட்டுத் தேனீக்கென்று வடிவமைத்தது. அக்கா தேங்காய்க் கதம்பையைப் புகையவிட்டு மூடியைத் திறந்தார். கையுறை கிடையாது. முதலில் அடிப்பலகையைச் சுரண்டினார்: மெழுகுத் தூள், செத்த ஈ, மெழுகுப் புழு பின்னிய நூலாம்படை. கறுத்த பழைய அடைகளை அறுத்தெடுத்தார்.

பிறகு ஒரு சட்டத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்தார். துருத்திக்கொண்டிருந்த சில அறைகளின் மூடியில் ஊசி குத்தியதுபோல நடுவில் ஒரு துளை.

“பாத்தியளா தம்பி, ஆண் ஈக்க அறையாக்கும். புது ராணிக்கு இணை கிடைக்கும். இனி கூட்டப் பிரிக்கலாம்.”

அடையின் கீழ்விளிம்பில் ராணி அறைகள் தொங்கின. ஒன்றின் நுனியில் ஈக்கள் மெழுகைக் கரம்பி எடுத்திருந்ததால் உள்ளே பழுப்புக் கூடு தெரிந்தது. முதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை மட்டும் விட்டு, மற்றவற்றைக் கிள்ளிப் போட்டார். கிழட்டு ராணியைச் சில சட்டங்களோடு புதுப் பெட்டிக்கு மாற்றினார்.

இவ்வளவு முன்கூட்டியே ஏன் என்றால், கணக்கு எளிது. முட்டையிலிருந்து பணித்தேனீ வெளிவரக் கிட்டத்தட்ட மூன்று வாரம். வந்ததும் வெளியே பறக்காது. இரண்டு, மூன்று வாரம் கூட்டுவேலை. மாசியில் தேன் கொண்டுவரும் ஈ மார்கழிக்குள் முட்டையாகியிருக்க வேண்டும். புழு வளர்க்க மகரந்தம் வேண்டும்; ரப்பர் தளிரில் அது கிடையாது. தென்னையும் காட்டுச் செடிகளும் பூத்திருக்கும்போதே கூட்டம் பெருகியாக வேண்டும்.

மழைக்காலப் பஞ்சத்தில் சீனிக் கரைசல் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அதைக் கேள்விப்பட்டு ‘சீனித் தேன்’ என்று ஏளனம் செய்பவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. பட்டினிக்கு வைத்த தீனி அது. தேன்காலத்துக்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். கூடு பிரிப்பதற்கும் ஒரு பின்கதை உண்டு. 1991-92இல் தாய் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியக் கூடுகளைத் துடைத்தெடுத்தது. புழுக்கள் நீர் கோத்த பையாகி அறையிலேயே செத்தன. எஞ்சிய கூடுகளைப் பிரித்துப் பிரித்துத்தான் இந்தத் தொழில் மீண்டும் எழுந்தது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் கிடைத்த புவிசார் குறியீட்டுக்குப் பின்னால் இந்தக் கைவேலையும் இருக்கிறது.

ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைக்க இடம் பேசியாச்சா என்று கேட்டேன்.

“அதுக்கு இன்னும் நாளிருக்கு. புது ராணி வெளிய போயி இணைஞ்சிட்டு வரணும். முட்டை கண்டாத்தான் கூடு. இல்லைன்னா கிழட்டு ராணிய பழைய பெட்டியோடயே திரும்பச் சேத்திருவேன்” என்றவர், அடுத்த பெட்டிக்குப் புகையை ஊதினார்.