ஓசை எழுப்பாத கலைஞர்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் பித்தளைப் பாத்திர வாணிகம் செய்த குடும்பம் எங்களுடையது. பொழுது புலர்ந்து பொழுது சாயும்வரை குடமும் அண்டாவும் மோதும் ஒலியையே கேட்டு வளர்ந்த என் செவிக்கு இசையின்பால் நாட்டம் எவ்வாறு பிறந்ததோ, அறியேன். நவராத்திரி நாள்களில் கோட்டைக்குள் நிகழும் கச்சேரிகளை ஒதுங்கி நின்று கேட்டதுண்டு. வயலின் கற்க வேண்டும் என்று தந்தையாரிடம் ஒருமுறை விண்ணப்பித்ததும் உண்டு. அவர் மறுமொழி கூறாமல் கடைப் பேரேட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

1970-களின் தொடக்கத்தில், வெளிநாட்டிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்தார். ஹோல்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் கோள்களைப் பொருளாக்கி இயற்றிய இசை. வாசித்தது லாஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக் குழு. அதன் உறையில் 'சுபின் மேத்தா' என்ற நம் நாட்டுப் பெயரைக் கண்டு வியந்தேன். இவர் என்ன கருவி வாசிக்கிறார் என்று நண்பரை வினவினேன். ஒன்றும் வாசிப்பதில்லை, முன்னே நின்று கையசைப்பார், 'கண்டக்டர்' என்றார் அவர். உடனிருந்த என் தந்தையார், "எந்தத் தடத்தில்?" என்று கேட்டார். தம்பானூர்ப் பேருந்து நிலையத்துக்கு அண்மையில் வாழ்வோர்க்கு அச்சொல் வேறு எப்பொருள் தரும்? நாங்கள் நகைத்தோம். எனினும் ஒரு வினா என்னுள் தங்கிவிட்டது. நூறு பேர் உழைத்து எழுப்பும் ஓசைக்கு, ஓசையே எழுப்பாத ஒருவர் பெயரை ஏன் இத்துணைப் பெரிதாக அச்சிட வேண்டும்?

நம் மரபில் இதற்கு நேரான விடை இல்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் குழலோனும் யாழோனும் தண்ணுமையோனும் தத்தம் இலக்கணத்தோடு வருகின்றனர். ஒரு கருவியை மற்றொரு கருவி பின்பற்றிச் செல்வதாகவே அங்குப் பல்லியம் அமைகிறது. அனைவர்க்கும் எதிரே நின்று கோலோச்சுவார் எவருமிலர். கச்சேரி மேடையிலும் பாடுபவரின் கையே தாளம் காட்டுகிறது. டெல்லி வானொலியில் 1952-இல் வாத்திய விருந்தம் தோன்றியபோது பண்டித ரவிசங்கரும் நம் டி. கே. ஜெயராம ஐயரும் அதனை நெறிப்படுத்தினர் என்பது உண்மையே; ஆயினும் அது புதுமுயற்சி. எனக்கு ஒருவாறு விளக்கம் தந்தது திருச்சூர்ப் பூரத்து இலஞ்சித்தறை மேளமே. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் செண்டையும் இலத்தாளமும் கொம்பும் குழலுமாக நிற்க, நடுவே நிற்கும் பிரமாணி ஒரு கண்ணசைவால் காலம் மாற்றுவதைக் கண்டேன். அவரும் செண்டை கொட்டுகிறார் என்பது வேற்றுமை. மேலைநாட்டு நெறியாளர்க்கு அந்தத் துணையும் இல்லை. வலக்கைக் கோல் காலத்தை அளக்கிறது. இடக்கை வன்மை மென்மைகளைக் காட்டி, பலநேரம் வாளாவிருந்த கருவிக்கு நுழையும் தருணம் உணர்த்துகிறது. அனைத்துக் கருவிகளின் பகுதிகளும் ஒருங்கே எழுதப்பட்ட ஏட்டை அவர் ஒத்திகைக்கு முன்பே மனத்துள் கேட்டிருக்க வேண்டுமாம்.

மேத்தாவின் வரலாற்றை அதன்பின் தேடித்தேடிப் படித்தேன். 1936-இல் பம்பாயில் பிறந்தவர். தந்தை மேலி மேத்தா 1935-இல் அந்நகரில் சிம்பொனிக் குழுவொன்றை நிறுவிய வயலின் கலைஞர். இசையை நம்பி வாழ்வதன் இடர்கள் அவ்வீட்டார்க்குத் தெரியாதவையல்ல. ஆகவே மகனை மருத்துவனாக்க எண்ணினர். புனித சேவியர் கல்லூரியில் அதற்கான வகுப்புகளில் சேர்ந்தவர் அவற்றை இடையில் விடுத்து, 1954-இல், பதினெட்டாம் அகவையில் வியன்னா சென்றார். அங்கு ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் நெறியாள்கை பயின்றார். டபுள் பாஸ் என்னும் பெருங்கருவியும் கற்றார். பின்னாளில் புகழ்பெற்ற கிளாடியோ அப்பாடோ அவருடன் பயின்ற மாணவர். பேராசான்கள் ஒத்திகை நடத்தும் முறையைக் காண வேண்டி, இருவரும் குழுப்பாடகர் வரிசையில் சேர்ந்து பாடினராம். கற்க விழைவோர் எவ்வழியும் நுழைவர் போலும்! 1956-இல் ஹங்கேரியிலிருந்து ஏதிலிகள் ஆஸ்திரியாவிற்கு வந்தபோது, மாணவர்களைத் திரட்டி ஒரு குழுவமைத்து அவர்கள் முகாமிலேயே இசை நிகழ்த்தினார். அப்போது அவர்க்கு வயது இருபது.

1958-இல் லிவர்பூலில் நடந்த நெறியாளர் போட்டியில் முதற்பரிசு பெற்றார். பின் வந்த உயர்வு விரைவானது. லாஸ் ஏஞ்சலிஸ் குழுவுக்கு ஜார்ஜ் ஷோல்ட்டி தலைமையேற்க இருந்தார். அவரைக் கலவாமலே மேத்தாவைத் துணை நெறியாளராக அமர்த்தினர். ஷோல்ட்டி சினந்து விலகினார். இவ்வாறு 1962-இல், இருபத்தாறு வயதில், இந்திய இளைஞர் ஒருவர் அப்பெருங்குழுவின் தலைவரானார். மான்ட்ரியல் குழுவும் அப்போது அவர் பொறுப்பிலேயே இருந்தது. நற்பேறு என்போர் கூறட்டும். அத்தகைய பேறு வந்த நாளில் ஏடு முழுவதும் நெஞ்சில் இல்லாதவன் அந்த மேடையில் ஒரு மாலையும் நின்றிருக்க இயலாது.

1978 முதல் 1991 வரை நியூயார்க் பில்ஹார்மோனிக்கை நடத்தினார். அக்குழுவைக் கொண்டே 1981-இல் ரவிசங்கரின் 'ராகமாலை'யை அரங்கேற்றினார். 1985-இல் நம் வயலின் மேதை எல். சுப்பிரமணியத்தின் படைப்பும் அவர் கோலசைவில் அங்கு ஒலித்தது. இஸ்ரேல் பில்ஹார்மோனிக்கோடு அரைநூற்றாண்டு உறவு பூண்டு 2019-இல் விடைபெற்றார். 1994-இல், போரில் எரிந்த சரயேவோ நூலகத்தின் இடிபாடுகளிடையே அந்நகரக் கலைஞரையே கொண்டு மோட்சார்ட்டின் இறுதிக்கடன் இசையை நிகழ்த்தினார். கூரையற்ற அந்தச் சுவர்களுக்குள் எழுந்த இசையை எண்ணும்போதெல்லாம் என் மெய் சிலிர்க்கும்.

இவற்றையெல்லாம் உணவு வேளைகளில் என் மகனுக்குக் கதையாகச் சொல்லி வந்தேன். வயலினும் கற்பித்தேன், எனக்குக் கிட்டாதது அவனுக்குக் கிட்டட்டும் என்ற ஆசைதான். 1996-இல், மருத்துவப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்த அவன், ஒருநாள் இரவு என் எதிரே வந்து நின்று, "அப்பா, படிப்பை விட்டுவிட்டு வயலினையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறேன்" என்றான்.

நான் என்னென்ன கூறினேன் என்பதை இங்கு எழுத நாணுகிறேன். அவனைப் படிக்கவைக்க விற்ற கடையின் பங்கைப் பற்றிக் கூறினேன். தங்கையின் திருமணத்தைப் பற்றிக் கூறினேன். உலகில் மேத்தா ஒருவர்தாம், இசையை நாடிச் சென்று திசை தெரியாமற் போனவர் எத்தனை பேர் என்றும் கேட்டேன். அவன் முழுதும் கேட்டான். பிறகு, "மேலி மேத்தா தம் மகனிடம் என்ன சொன்னார், அப்பா? அதை மட்டும் நீங்கள் கதையில் சொல்லவே இல்லையே" என்றான். என்னிடம் மறுமொழி இல்லை. என் தந்தையாரிடம் பேரேடாவது இருந்தது.

அவன் மருத்துவனானான். சென்னையில் நற்பெயரோடு பணிபுரிந்தான். வயலினைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதை விட்டுவிட்டோம்.

ஆழிப்பேரலை வந்து ஓராண்டு நிறைந்த 2005 டிசம்பர் 26 அன்று, சென்னை மியூசிக் அகாதெமியில் மேத்தா பவேரிய அரசுக் குழுவுடன் நினைவிசை நிகழ்த்தினார். சென்னையில் அவர் நெறியாளும் முதல் நிகழ்ச்சி அதுவே. என் மகன் இரண்டு அனுமதிச் சீட்டுகளை வாங்கி, "வாருங்கள்" என்று மட்டும் தொலைபேசியில் அழைத்தான். குளச்சலிலும் மணக்குடியிலும் அலை கொண்டுபோன உயிர்களை நினைந்தவாறே நான் இரவு வண்டியில் சென்றேன்.

நரைத்த தலையோடு அவர் மேடையேறினார். கைகளை உயர்த்தினார். ஓசை பிறப்பதற்கு முன்னுள்ள அந்த நொடியில் அரங்கு முழுவதும் அவர் கையில் இருந்தது. முப்பதாண்டு நான் சுமந்த வினாவுக்கு விடை அங்கு இருந்தது. இசைத்தட்டில் அந்த நொடி பதிவாவதில்லை.

அரைமணி சென்றிருக்கும். தற்செயலாக மகன் பக்கம் திரும்பினேன். அவன் கண்கள் நெறியாளர்மேல் இருந்தன. இடக்கை விரல்கள் நான்கும் முழங்கால்மேல் ஒவ்வொன்றாக அழுந்தி அழுந்தி எழுந்துகொண்டிருந்தன. நான் மெல்லக் கையை நீட்டினேன். பிறகு, அவன் வாசிப்புத் தடைப்படுமோ என்று அஞ்சி, மடக்கிக்கொண்டேன்.