பூட்டுக்குள் ஓர் ஈ

வாய்வழியே கரிமருந்தும் குண்டும் கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு விசைகள் இருப்பதை அன்பர்கள் படங்களில் கண்டிருக்கலாம். குழலும் இரண்டு போலும் என்று எண்ணிவிடலாகாது, குழல் ஒன்றே. பின்விசையை இழுத்தால் துப்பாக்கி வெடிப்பதில்லை. 'டக்'கென்ற ஓசையுடன், உள்ளேயுள்ள சிறு நெம்புகோலொன்று வில்லின் இறுக்கத்தை ஏற்றுக்கொண்டு கொக்கியில் மாட்டி நிற்கும். அதன்பின் முன்விசையை விரல் தீண்டினாலே போதும், கொக்கி விடுபட, நெம்புகோல் துள்ளியெழுந்து பூட்டின் தடைநாக்கைத் தட்டிவிடும், குதிரை விழும். கனத்த விசையை வலிந்து இழுத்தால் குறி அசைந்துவிடுமன்றோ? அவ்வசைவைப் போக்கவே ஜெர்மானியக் கைவினைஞர் இம்முறையைக் கையாண்டனர். அவர்தம் வழிவந்தோர் 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறியபோது இதுவும் உடன் சென்றது. 19ஆம் நூற்றாண்டில் செயின்ட் லூயி நகரின் ஹாக்கன் சகோதரர்கள் செய்த துப்பாக்கிகளிலும் இவ்விரட்டை விசையைக் காணலாம்.

பென்சில்வேனியாவில் மகன் இல்லத்தில் நாம் தங்கியிருந்த காலத்தில், இத்தகைய துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் நமக்கு அண்டை வீட்டாராக வாய்த்தார். அவர் பட்டறையில் நாம் கழித்த மாலைகள் பல. ஒருநாள் விவசாயி ஒருவர் தம் தந்தையாரின் துப்பாக்கியைக் கொணர்ந்தார். கிறிஸ்துமஸுக்குப் பின்வரும் சக்கிமுக்கித் துப்பாக்கி வேட்டைப் பருவத்தில் அதனைப் பெயரன் கையில் கொடுக்க அவருக்கு ஆசை. குறைகள் இரண்டு: விசையேற்றி வைத்தால் சிறு அதிர்ச்சிக்கே குதிரை விழுந்துவிடும், விழும் குதிரையோ சிலபோது பாதிவழியில் நின்றுவிடும்.

"மருந்து இல்லை, வெறுங்குழல்தான்" என்றார் விவசாயி. முதியவர் அச்சொல்லை ஏற்றாரில்லை. கெட்டிக்கும் கோலைக் குழலுள் அடிவரை விட்டு, வாயருகே சுண்ணக்கட்டியால் குறியிட்டு, வெளியே குழலோடு சேர்த்துவைத்து அளந்தார். கோலின் நுனி மருந்துத் துளைவரை எட்டியது. அதன்பின்னரே திருகாணியில் கை வைத்தார்.

பூட்டைக் கழற்றித் தடைநாக்கை விரலால் மெல்ல அழுத்தியபோது குதிரை தடையின்றி இறங்கியது. பூட்டில் குறையில்லை என்றே நாம் கருதினோம். முதியவரோ சிறு மரக்குச்சியால் நாக்கைச் சுருக்கெனத் தட்டினார். குதிரை பாதியில் நின்றது! விரல் அழுத்தும்போது நாக்கு விலகியே நிற்கிறது. விசையின் தட்டலோ கணப்பொழுதுக்குரியது. தட்டியவுடன் நாக்கு திரும்பிவந்து பாதி நிலைக்குரிய வெட்டில் விழுந்துவிடுகிறது. அவ்வாறு விழாதபடி வெட்டை மறைத்துக் கடத்திவிடுவதற்கென உள்ளே ஒரு துணுக்கு உண்டு. அரிசியளவேயான அதனை ஆங்கிலத்தில் 'ஈ' என்றே அழைக்கின்றனர். இப்பூட்டில் ஈ இருந்த குழி மட்டுமே எஞ்சியிருந்தது. முன்னர் எவரோ துடைக்கக் கழற்றியபோது பறந்துவிட்டது போலும்! எஃகுத் துண்டொன்றை அராவிப் புதிய ஈ செய்ய ஒரு மாலைப்பொழுது முழுதும் ஆயிற்று.

மற்றைக் குறை விசையில் இருந்தது. இரு விசைகளுக்கும் இடையேயுள்ள சிறு திருகாணியை எவரோ அளவுக்கு மேல் உள்ளே முடுக்கியிருந்தனர். கொக்கி மயிரிழையளவே பற்றி நின்றது. அதன் விளிம்பும் மழுங்கியிருந்தது. அரத்தை எடுத்து அராவினால் என்ன என்று வினவினோம். கடினமேற்றிய மேற்பரப்பு மெல்லிய தோல்தான், அதனை அராவித் தள்ளினால் உள்ளிருக்கும் மெத்திரும்பு சில நாள்களில் மீண்டும் தேயும் என்றார். எண்ணெய்க்கல்லால் கோணம் மாறாது நாலைந்து முறை தேய்த்ததோடு நிறுத்திக்கொண்டார். பழுதென்றாலே எண்ணெயை ஊற்றுவோர் எந்நாட்டிலும் உளர். இங்கோ நாட்பட்டு இறுகிய எண்ணெயே சுரண்டி எடுக்கப்பட்டது.

சக்கிமுக்கிக் கல் இருந்த இடத்தில் மரத்துண்டைப் பொருத்தி, விசையேற்றி, அடிக்கட்டையை மரச்சுத்தியால் பலமுறை தட்டினார். குதிரை அசையவில்லை. விவசாயிக்கு மகிழ்ச்சி, எனினும், "இன்னும் சற்று இலகுவாக்கித் தரலாகாதா?" என்று கேட்டார்.

"உம் பெயரனை அழைத்து வாரும்" என்றார் முதியவர்.

மறுநாள் சிறுவன் வந்தான். குளிர்காலக் கையுறையை அணியச்செய்து, வெறுந்துப்பாக்கியைப் பத்துமுறை இயக்கிக் காட்டச் சொன்னார். மூன்றாம் முறை, அவன் குறிபார்க்குமுன்னரே கையுறை பட்டுக் குதிரை விழுந்தது. முதியவர் ஒன்றும் பேசவில்லை. திருப்புளியை எடுத்து, அச்சிறு திருகாணியை மேலும் அரைச்சுற்று வெளியே திருப்பினார்.