கரி எடுக்கிற சனிக்கிழமை

“பிள்ளையை உட்கார வச்சு அதுல பறக்கிறீங்களா? பயமா இல்லையா?” சிட்னியில் நம்ம ஆட்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்விதான். எங்களிடம் இருப்பது ஆஸ்திரேலியாவிலேயே உருவான பழைய த்ரஸ்டர். இரண்டே இருக்கை. தி ஓக்ஸ் ஊரின் புல்தரை ஓடுதளத்தில் இருந்து கிளம்புவோம். இன்ஜின் ரோட்டாக்ஸ் 582. இரண்டு சிலிண்டர், 580 சிசி, டூ-ஸ்ட்ரோக். “நம்ம டிவிஎஸ் 50-க்கு ஒண்ணுவிட்ட அண்ணன்” என்பார் அப்பா.

டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்தே எரியும். எங்கள் கணக்கு 20 லிட்டருக்கு 400 மில்லி. முழுசாக எரியாத ஆயில் கரியாகி பிஸ்டன் தலையிலும், ரிங் உட்காரும் பள்ளத்திலும், புகை போகும் வாசலிலும் படியும். தரையில் நெடுநேரம் ஐடிலில் ஓடினால், ஆயில் கூடினால், இன்னும் சீக்கிரம் படியும். மதுரையில் டிவிஎஸ் 50 இழுக்கவில்லை என்றால் சைலன்ஸரைக் கழற்றிக் கரி எடுப்பார்கள். அங்கே வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம். ஆயிரம் அடி உயரத்தில் அது நடக்காது.

கரியில் ரிங் ஒட்டிக்கொண்டால் சூடான வாயு அதன் பக்கவாட்டில் கசியும். பிஸ்டன் சூடேறி விரிந்து, சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். இந்த இன்ஜினில் சிலிண்டருக்கு 2 ஸ்பார்க் பிளக். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது. பிஸ்டனுக்கு அப்படி மாற்று கிடையாது.

அதனால் 50 மணி நேரம் பறந்ததும், சத்தம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், திறந்துவிடுவோம். எக்ஸாஸ்ட்டைக் கழற்றினால் அந்த வாசல் வழியே ரிங் தெரியும். என் மகள் மரக்குச்சியால் மெல்ல அழுத்துவாள். “தாத்தா, அசையுது!” “அசைஞ்சா உசிரோட இருக்குன்னு அர்த்தம்மா.” வீட்டில் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிறவள், அங்கே மட்டும் முழுத் தமிழ்.

போன குளிர்காலத்தில் ஒரு ரிங் அசையவில்லை. முந்தின வாரம்தான் இன்ஜின் பாட்டுப் பாடிக்கொண்டு ஓடியது. மறுநாள் அவள் பிறந்தநாள் பறத்தல், ரத்து. அழுதாள். ஆனால் “போகலாமே” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அசையாததைத் தொட்டுப் பார்த்தவள் அவள்தானே.

ஹெட்டைத் திறந்தோம். கரியை கிளீனர் ஊற்றி ஊறவைத்து, மரச்சீவலால் சுரண்ட வேண்டும். ஸ்க்ரூடிரைவர் கூடாது, அலுமினியத்தில் கீறல் விழும். துகள் சிலிண்டருக்குள் விழாமல் பிஸ்டன் ஓரத்தில் கிரீஸ் தடவ வேண்டும். “சுரண்டு, குத்தாதே” என்று அப்பா பத்துத் தடவை சொன்னார். புது கேஸ்கெட், டார்க் ரெஞ்சில் அளந்து முடுக்கிய போல்ட், பிறகுதான் லாக்புக்கில் என் கையெழுத்து.

விமானம் இல்லாத வீட்டிலும் பெட்ரோலில் ஓடும் விப்பர் ஸ்னிப்பர் இருக்கலாம். டூ-ஸ்ட்ரோக் என்றால், அதன் சைலன்ஸர் சல்லடையிலும் இதே கரிதான் அடைக்கும். ஆறவிட்டு, பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, பிள்ளையைக் கூப்பிட்டுத் திறந்து காட்டுங்கள். தாத்தா பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.