எதற்குச் சிறந்தது

அக்காவின் மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் கணிதம் படிக்கிறாள். நாலாயிரம் சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். அதற்கு முன்னால், கட்டுரை எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி ஒப்புதல் வாங்கியாக வேண்டும். அவளுடைய வாக்கியம் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. எனக்குக் கணிதத்துடன் உறவு பள்ளிக்கூடத்தோடு முடிந்தது, பி.ஏ. ஆங்கிலம். வங்கியில் நான் செய்வது கூட்டல் கழித்தல்தான், அதையும் இயந்திரம் செய்கிறது. ஆனால் எங்கள் குடும்பத்தில் 'கட்டுரை' என்ற சொல் எழுந்தால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். நான் எழுதிய எதையும் அவர்கள் படித்ததில்லை என்பது வேறு விஷயம்.

அவள் எழுதியிருந்தது இதுதான்: 'ஆப்டிமைசேஷன் அல்காரிதம்களில் மிகச் சிறந்தது எது?' எண்ணற்ற வழிகளில் செலவு குறைந்ததையோ பயன் மிகுந்ததையோ படிப்படியாகத் தேடிப் பிடிக்கும் முறைகள் அவை. கேள்வியில் எனக்குக் குற்றம் ஒன்றும் தெரியவில்லை. குற்றத்தை அவளே கண்டுபிடித்திருந்தாள். 1997இல் வோல்பெர்ட், மெக்ரெடி என்ற இருவர் நிரூபித்திருக்கிறார்கள்: சாத்தியமான பிரச்னைகள் அத்தனையையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் எந்தத் தேடல் முறையும் இன்னொன்றுக்கு மேலல்ல, குருட்டாம்போக்கில் தேடுவது உட்பட. குறிப்பிட்ட ஒரு பிரச்னை என்று வந்தால்தான் மேல், கீழ் என்ற பேச்சே.

'அப்போ என் கேள்விக்குப் பதிலே கிடையாது மாமா,' என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. இரண்டு வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில் தமிழின் சிறந்த பத்து நாவல்கள் என்று நானும் ஒரு பட்டியல் போட்டேன். பட்டியல் போடுவது க.நா.சு. காலத்திலிருந்து நமக்குப் பழக்கம். என் பட்டியலைப் பற்றி மூன்று பேர் கடிதம் எழுதினார்கள். மூவரும் எந்தப் பெயர் விட்டுப்போயிற்று என்றுதான் கேட்டார்கள். எதற்குச் சிறந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பழைய கதை ஒன்றும் சொன்னாள். 1945இல் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர், ஒரு மனிதன் உடல்நலத்தோடிருக்க வருஷத்துக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு செலவாகும் என்று 77 உணவுப் பொருள்களை வைத்துக் கணக்கிட்டார். 1939 விலைவாசியில் 39.93 டாலர் வந்தது. 1947இல் டான்ட்ஸிக் தம்முடைய ஸிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டபின், ஒன்பது குமாஸ்தாக்கள் மேஜைக் கணக்குப் பொறிகளோடு உட்கார்ந்து, 120 ஆள்நாள் உழைத்து, 39.69 டாலர் என்று சரியான விடையை எடுத்தார்கள். வித்தியாசம் 24 சென்ட். அந்த ஒன்பது பேரை நினைத்து எனக்கு ஜாதி அபிமானம் பொங்கியது. ஆனால் ஸ்டிக்லரின் உணவு என்ன? கோதுமை மாவு, டின் பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, உலர்ந்த பீன்ஸ். வருஷம் முழுதும் இவ்வளவுதான். பின்னால் டான்ட்ஸிக் தம் எடையைக் குறைக்க இதே வழியில் முயன்றபோது கணிப்பொறி 500 காலன் வினிகர் சாப்பிடச் சொல்லிற்றாம். பொறியின் மேல் பிழை இல்லை. கேட்ட கேள்விக்கு நாணயமாகப் பதில் சொன்னது.

கேள்வியைச் சிறிதாக்கு என்றேன். ஆராய்ச்சி முறை தெரிந்து சொல்லவில்லை, பெரிய தலைப்புகளால் பலமுறை அடிபட்டவன் என்ற தகுதியில் சொன்னேன். பணம் நிரப்பும் வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டாள். கிளையிலிருந்து புறப்பட்டு 13 ஏ.டி.எம்.களுக்குப் போய்த் திரும்ப வேண்டும். மொத்தம் 311 கோடிக்கு மேற்பட்ட சுற்றுகள் சாத்தியம். அருகில் இருப்பதற்கு முதலில் போ என்பது ஒரு முறை. அதில் கிடைக்கும் சுற்றில் இரண்டிரண்டு பாதைகளை அவிழ்த்து, மாற்றிக் கட்டி, தூரம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே போவது 1958இல் க்ரோஸ் சொன்ன திருத்தம். இனி எந்த மாற்றமும் குறைக்காது என்ற இடத்தில் அது நின்றுவிடும். அதைவிடக் குறைந்த சுற்று வேறெங்கோ இருக்கலாம். அது நின்ற இடத்திலிருந்து அதற்குத் தெரியாது. 13 என்று ஏன் வைத்தாள் என்றால், அந்த அளவுக்கு உண்மையான மிகக் குறைந்த தூரத்தை 1962இலேயே வந்துவிட்ட ஒரு முறையால் சில பத்து லட்சம் கணக்குகளில் கண்டுவிட முடியும். அப்போதுதான் திருத்தம் எவ்வளவு தவறுகிறது என்று அளக்கலாம். ஒப்பிட ஒன்று கையில் இல்லாமல் அளப்பதில் அர்த்தமில்லை என்பது அவள் கட்சி. விமர்சனத்தில் முப்பது கட்டுரை எழுதியபின் கேட்கிற செய்தியா இது?

மறுநாள் வண்டி ஓட்டுநரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். குறைந்த தூரமாகப் பார்த்துத்தானே போவீர்கள்? சிரித்தார். 'பஸ் ஸ்டாண்டு மிஷின்தான் சார் மொதல்ல காலியாகும். அதை விட்டுட்டு கிட்ட இருக்குன்னு வேற எங்க போறது? அதுவுமில்லாம, தெனம் ஒரே வழியில போகக்கூடாது. பாத்து வச்சுப்பான்.'

அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். மிகக் குறைந்த சுற்றைக் கண்டுபிடித்தால் அதுதான் தினமும் போகக்கூடாத சுற்று. கேள்வியைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். எறியவில்லை. தூரத்தையே அளந்தாள், தூரம் என்ற அளவுகோல் எவற்றையெல்லாம் விட்டுவிடுகிறது என்று கடைசிப் பகுதியில் எழுதுவதாக ஒரு வரி சேர்த்தாள். 'பக்கத்தில் இருப்பதற்கு முதலில் போகும் சுற்றை இருபாதை மாற்றத்தால் திருத்தினால், 13 இடங்களுக்கு, மிகக் குறைந்த தூரத்தை அது எவ்வளவு நெருங்குகிறது?' மூன்றாம் தடவை ஒப்புதல் வந்துவிட்டது.

எனக்குத்தான் வரவில்லை. என் பட்டியலின் அளவுகோல் வடிவ ஒருமை. வகுப்பில் கற்றது, கையில் இருந்ததால் எடுத்து அளந்தேன். அது எதை விடுகிறது என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றவில்லை. 'வடிவம் சிதறியது' என்று ஒரே வாக்கியத்தில் ஒரு நாவலைத் தள்ளியிருந்தேன். அதன்பின் அந்த நாவலை மூன்று முறை படித்துவிட்டேன். பட்டியலில் இருக்கும் பத்தில் நாலை இரண்டாம் தடவை திறக்கவே இல்லை. இதை நான் எங்கும் எழுதவில்லை. பட்டியலை நூலாக விரிக்க எழுதிய நூற்றிருபது பக்கங்கள் அலமாரியில் இருக்கின்றன. அதிலும் இந்தத் தகவல் இல்லை.

அவள் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினேன்: 'வடிவம் சிதறிய நாவலை நான் ஏன் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்?'

படித்துவிட்டு, 'இதுல எதை அளக்கப்போறீங்க மாமா?' என்றாள்.

இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த நூற்றிருபது பக்கங்களை மட்டும் ஆசிரியருக்கு அனுப்பப் போவதில்லை என்று எழுதிவிட்டேன்.