மூன்றாவது ஜீப்பின் குரல்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில், கையில் போன் இல்லாத ஆளைப் பார்ப்பது அரிது. கம்பெனி பஸ் எங்கே வருகிறது என்பதிலிருந்து வீட்டில் என்ன குழம்பு என்பது வரை எல்லாம் அதில்தான். காரும் லாரியும் பைக்கும் தயாராகும் இந்த வட்டாரத்தில் டவருக்குப் பஞ்சமில்லை. டவர் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று இங்கே யாரும் யோசிப்பதில்லை.

ஒரகடத்தில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அந்த இளைஞனும் யோசித்ததில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்பு, மூன்று பழைய ஜீப்புகளில் நண்பர்களோடு ஜவ்வாது மலைக்குப் போனான். கடைசி ஜீப்பில் ஒரு நண்பன், அவன் மனைவி, நான்கு வயது மகள். மழையில் ஒரு வளைவில் அந்த வண்டியின் சக்கரம் ஓரப் பள்ளத்தில் இறங்கி, வண்டி ஒருக்களித்து நின்றுவிட்டது. போனில் ஒரு புள்ளி சிக்னல்கூட இல்லை. முன்னால் போனவர்கள் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் ஒரு வண்டி குறைவது தெரிந்தது. திரும்பிப் போய்ச் சேர முக்கால் மணி நேரம். யாருக்கும் அடியில்லை. ஆனால் குழந்தை அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

ஊர் திரும்பியதும் அவன் தேடியது சி.பி. ரேடியோவை. ‘சிட்டிசன் பேண்ட்’ எனப்படும் இந்த 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ, 1973-ன் எண்ணெய் நெருக்கடியின்போது அமெரிக்க லாரி டிரைவர்களிடையே பரவியது. எந்த பங்க்கில் டீசல் கிடைக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள உதவியது. இன்றும் அங்கே காட்டுப்பாதை ஜீப்புகளில் நெடிய ஆன்டெனா ஆடிக்கொண்டிருக்கும்.

படப்பையில் அவனுடைய சித்தப்பா இருக்கிறார். காவல்துறை வயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆன்லைனில் செட் ஆர்டர் போடுவதற்கு முன் அவரிடம் போனைக் காட்டினான்.

“செட்டை அப்புறம் பார்க்கலாம்டா. முதல்ல ஆன்டெனாவை எங்க வைக்கப்போற?”

“மேலதான் சித்தப்பா, கூரையில.”

“உன் ஜீப்புக்கு ஏதுடா கூரை? மேல இருக்கறது கித்தான்.”

வாகனத்தில் நிற்கும் கம்பி, ஆன்டெனாவின் பாதிதான். மீதிப் பாதி அதன் கீழே இருக்கும் இரும்புத் தகடு. அது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கம்பியும் நொண்டும். அதனால்தான் இரும்புக் கூரையின் நடு மையம் முதல் தரமான இடம். கித்தான் கூரையிலும் ஃபைபர் கூரையிலும் காந்த அடி ஒட்டவே ஒட்டாது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் போய் வைத்துப் பார்த்தாலே எது இரும்பு என்று தெரிந்துவிடும்.

அடுத்தது நீளம். 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் வரும். 27-க்கு அது சுமார் 11 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது ஏறக்குறைய 2.75 மீட்டர், கம்பியின் நீளம். கிட்டத்தட்ட 9 அடி! பின் பம்பரில் நிறுத்தினாலும் தாழ்ந்த மின்கம்பிக்கும் புளியங்கிளைக்கும் பயந்துகொண்டே ஓட்ட வேண்டும். சுருள் சுற்றிய குட்டைக் கம்பிகளும் உண்டு. நீளத்தைக் குறைக்கக் குறைக்க, கேட்கும் தூரமும் குறையும்.

வெளிநாட்டுப் படங்களில் ஆன்டெனாவை முன்பக்க புல் பாரில் மாட்டியிருப்பார்கள். இங்கே அதற்கும் வழியில்லை. புல் பார் பொருத்திய வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது.

சட்டமும் இருக்கிறது. 2005-ல் வந்த விதிப்படி 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்கு மிகாத சி.பி. கருவிகளுக்கு உரிமம் வேண்டாம். ஆனால் அமெரிக்க செட்டின் 40-வது சேனல் 27.405-ல் இருக்கிறது. எல்லைக்கு வெளியே! எதையாவது வாங்கி எதையாவது அழுத்தினால் வம்புதான்.

“பரீட்சை எழுதுடா. ஹாம் லைசென்ஸ் வாங்கு” என்றார் சித்தப்பா.

அமெச்சூர் ரேடியோவுக்கு மத்திய அரசின் தேர்வு உண்டு. 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தந்தி முறை தேவையில்லை. அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் போதும். தேறியவர்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்துவிடும். அங்கே கால் அலைக் கம்பியின் நீளம் அரை மீட்டர்தான்.

2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது, ஹாம் நிலையம் அமைப்பதற்காகப் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர் போர்ட் பிளேரில் இருந்தார்கள். மற்ற தொடர்புகள் அறுந்த நேரத்தில் அந்தமான் மக்களின் செய்திகளை வெளியே கொண்டுவந்தது அவர்களுடைய ரேடியோ. “பொழுதுபோக்குன்னுதான் பேரு. சமயத்துல அதுதான் கை கொடுக்கும்” என்பார் சித்தப்பா.

நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு படித்தான். தேர்வு முடிந்து, உரிமம் கைக்கு வந்த பிறகே செட் வாங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை படப்பை வீட்டு வாசலில் வேலை ஆரம்பித்தது. பானெட் இரும்பு. அதன் ஓரத்தில் ஏற்கெனவே இருந்த போல்ட்டிலேயே எல் வடிவப் பட்டையை முடுக்கினார்கள். பட்டை உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்போடு இரும்பு சேரவைத்தார் சித்தப்பா. பானெட்டையும் பாடியையும் பின்னல் செம்புப் பட்டையால் இணைத்தார். கேபிள் உள்ளே நுழையும் இடத்துக்கு முன் சற்றுக் கீழே தொங்கவிட்டு வளைத்தார். மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். செட்டுக்கான மின்சாரம் நேராக பேட்டரியிலிருந்து, ஃபியூஸ் வழியாக.

பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அது காட்டும். 3 என்றால் கால் பங்கு செட்டுக்கே திரும்புகிறது, செட் சூடாகிக் கெட்டுப்போகலாம். 1.5 என்றால் 4 சதவீதம்தான். மீட்டர் 2 காட்டியது. கம்பி சற்று நீளம். இவன் கட்டிங் பிளேயரை எடுத்து ஒரே வெட்டாக வெட்டப் போனான்.

“மெதுவாடா. வெட்டினதை ஒட்ட முடியாது.”

இரண்டிரண்டு மில்லிமீட்டராக வெட்டி 1.3-க்குக் கொண்டுவந்தார்கள்.

சாயங்காலம் அவன் ஒரகடம் பக்கம் ஓட்டிக்கொண்டு போனான். சித்தப்பா மொட்டை மாடியில். கைக்கருவியின் குட்டை ஆன்டெனாவை வண்டிக்குள் வைத்துப் பேசியபோது மூன்று கிலோமீட்டரில் குரல் கரைந்தது. பானெட் ஆன்டெனாவுக்கு மாற்றியதும் ஒரகடம் சந்திப்பிலிருந்துகூடத் தெளிவாகக் கேட்டது. கீழேயிருந்து சித்தி, “அங்கேயே இருக்கான்ல, வரும்போது பால் வாங்கிட்டு வரச் சொல்லுங்க” என்றார். அதையும் தெளிவாகவே கேட்டான்.

சென்ற மாதம் மூன்று ஜீப்புகளும் மறுபடி ஜவ்வாது மலை ஏறின. மூன்றாவது ஜீப்பில் மைக் நண்பனின் மனைவியிடம் இருந்தது. மூவரும் எழுதிய தேர்வில் அதிக மதிப்பெண் அவருக்குத்தான். ஒவ்வொரு வளைவு தாண்டியதும் தன் அழைப்புக்குறியைச் சொல்லி, “மூணாவது வண்டி தாண்டியாச்சு” என்றார். நடுவில் ஒருமுறை, “கொஞ்சம் நில்லுங்க, பாப்பாவுக்கு வாந்தி வருது” என்றார். முன்னால் இரண்டு வண்டிகளும் உடனே நின்றன.

பாப்பாவுக்கு இப்போது ஆறு வயது. தானே மைக் பிடித்துப் பேச இன்னும் எத்தனை பிறந்தநாள் வர வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள்.